பெறுநர் எலி: கல்லீரல் மாற்று ஆய்வுக்கு எதை வாங்குவது, எதைத் தயாரிப்பது?

எலியில் கல்லீரல் மாற்று செய்த ஆய்வுக் கட்டுரை எதையாவது எடுத்துச் செய்முறைப் பகுதியைப் பாருங்கள். கொடையாளி எலியின் கல்லீரலை எந்தக் கரைசலில், எத்தனை டிகிரியில், எத்தனை மணி நேரம் வைத்தார்கள் என்பது அரைப் பக்கத்துக்கு இருக்கும். அந்தக் கல்லீரலைப் பெற்றுக்கொள்ளும் எலியைப் பற்றி ஒரே வரிதான்: ஆண் லூயிஸ் எலிகள், 250–300 கிராம். ஏழாம் நாள் கூண்டில் எத்தனை எலி உயிரோடு நிற்கும் என்பதில் பெரும்பங்கு அந்த வரிக்குள் இருக்கிறது.

இந்த மதிப்பீடு அந்த வரியைப் பற்றியது. கடையில் கிடைக்கும் ஆரோக்கியமான எலி, ஆய்வகத்திலேயே நோயூட்டித் தயாரிக்கும் மூன்று வகை சிரோசிஸ் (கல்லீரல் நார்பிடித்துக் கெட்டியாகும் நோய்) எலிகள், கூடவே கொழுத்த எலி, நீரிழிவு எலி, பன்றி. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கை பழகவும், சேமிப்புக் கரைசல்களை ஒப்பிடவும் ஆரோக்கியமான எலிக்கு மிஞ்சியது இல்லை. நோயாளிகளைப் பற்றி ஏதாவது சொல்ல ஆசைப்பட்டால், குடிநீரில் தயோஅசிட்டமைடு என்ற கல்லீரல் நஞ்சைக் கொடுத்துத் தயாரித்த எலிதான் செலவிடும் பணத்துக்கும் காலத்துக்கும் தகும். பித்தநாளம் கட்டிய எலியைத் தக்க காரணம் இல்லாமல் தொட வேண்டாம்.

ஆரோக்கியமான லூயிஸ் எலி

சார்லஸ் ரிவர், ஜான்வியே போன்ற வளர்ப்பு நிறுவனங்கள் விற்கின்றன. உட்கலப்பில் வளர்ந்த இனம் என்பதால் ஒன்றுக்கொன்று மரபு வேறுபாடு கிட்டத்தட்ட இல்லை. லூயிஸிலிருந்து லூயிஸுக்கு மாற்றினால் நிராகரிப்பு என்ற பேச்சே எழாது. எலி செத்தால் ஒன்று கை தவறியிருக்கிறது, இல்லை கல்லீரல் கெட்டிருக்கிறது. இந்தத் தெளிவுதான் இதன் பெரிய பலம்.

பெறுநர் எலி கொடையாளியைவிடச் சற்றே, 10–20 கிராம், எடை கூடியிருப்பது நல்லது. அப்போது புதிய கல்லீரல் உதரவிதானத்துக்குக் கீழே நெருக்கடியில்லாமல் உட்காரும். லாரியிலிருந்து இறக்கிய எலியை மறுநாளே மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. பயணத்தில் எடை இறங்கியிருக்கும், அழுத்த ஹார்மோன்கள் ஏறியிருக்கும், நீர் வற்றியிருக்கும். குறைந்தது ஒரு வாரம் கூண்டில் பழகட்டும். எலிக்கு வாந்தி எடுக்க முடியாது, ஆகவே மயக்கத்தில் உணவு மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்ற அச்சத்தில் பட்டினி போடத் தேவையில்லை. இரைப்பை சுருங்கியிருந்தால் இடது பக்கம் வேலை செய்ய இடம் கிடைக்கும் என்பதற்காகச் சில மணி நேரம் தீனியை எடுக்கலாம். தண்ணீரை எடுக்கவே கூடாது.

சரி, குறை எங்கே? எல்லாரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறான இடத்தில். ஆரோக்கியமான எலிதான் போர்ட்டல் சிரையை, அதாவது குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் சிரையை, அடைப்பதைத் தாங்காது.

1973-இல் சுன் லீ குழுவினர் எலியில் கல்லீரல் மாற்றை முதலில் செய்தபோது எல்லா இணைப்புகளையும் கையால் தைத்தார்கள். 1979-இல் கேம்பிரிட்ஜில் கமடாவும் கால்னும் போர்ட்டல் சிரைக்குத் தையலுக்குப் பதில் கஃப் என்ற சிறு பிளாஸ்டிக் வளையத்தைக் கொண்டுவந்ததற்குக் காரணமே இந்தத் தாங்காமைதான். பழைய கல்லீரலை எடுத்துப் புதியதற்கு ரத்தம் திறந்துவிடும் வரையுள்ள கல்லீரலற்ற கட்டத்தில், குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வரும் ரத்தம் முழுவதும் ஒரே கதவின் முன் தேங்குகிறது. ஆரோக்கியமான எலிக்கு மாற்றுவழிச் சிரைகள் கிடையாது. சிரையை அடைக்கும் கவ்வியான கிளாம்பைப் போட்ட சில நிமிடங்களில் குடல் நடுச்சவ்வின் சிரைகள் புடைக்கும், இளஞ்சிவப்பாக இருந்த சிறுகுடல் ஊதா நிறத்துக்குப் போகும், குடல் சுவர் நீர் கோத்துத் தடிக்கும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து அழுத்தம் சரியும். 20 நிமிடத்துக்குள் திறந்துவிட்டால் எலி எழுந்து நடக்கும். 25-ஐத் தாண்டினால் சாவு கூடும். அரை மணியைத் தொட்டால், அடுத்து எவ்வளவு அழகாக இணைத்தாலும் பெரும்பாலும் அன்றிரவே போய்விடும்.

ஆகவே வரிசை முக்கியம். கல்லீரலுக்கு மேலுள்ள பெருஞ்சிரையை 7-0 அல்லது 8-0 புரோலீன் நூலில் தொடர் தையல், அடுத்து போர்ட்டல் கஃபைச் செருகிப் பட்டு நூலால் கட்டு, உடனே திறப்பு. கல்லீரலுக்குக் கீழுள்ள பெருஞ்சிரையின் கஃப் அதன் பிறகு, பித்தநாளக் குழாய் கடைசி. 250 கிராம் எலிக்கு போர்ட்டல் கஃப் 14 கேஜ், கீழ்ப்பெருஞ்சிரைக்கு 12 கேஜ் கதீட்டரிலிருந்து வெட்டியது, பித்தநாளத்துக்கு 22 அல்லது 24 கேஜ் குழாயில் 5 மி.மீ. துண்டு. கிளாம்ப் போடும் அந்த நொடியில் மயக்க வாயுவான ஐசோஃப்ளூரேனை 2 சதவீதத்திலிருந்து 0.5-க்கும் கீழே இறக்குங்கள். ரத்த அழுத்தம் ஏற்கனவே விழுகிறது, மயக்க மருந்து அதை இன்னும் தள்ளிவிடும். கல்லீரல் இல்லாத எலி குறைந்த மருந்திலேயே அசையாமல் கிடக்கும்.

இன்னொரு குறை எதிர்ப்பாற்றல் சார்ந்தது. இதில் ஏமாந்தவர்கள் நிறைய. டி.ஏ. என்ற இனத்து எலியின் கல்லீரலை லூயிஸுக்கு வைத்தால் நிராகரிப்பு வரும். அதே கல்லீரலை பி.வி.ஜி. இனத்துக்கு வைத்தால் மருந்தே இல்லாமல் ஏற்றுக்கொள்ளும். சுண்டெலியிலோ பெரும்பாலான இனச் சேர்க்கைகளில் கல்லீரல் தானாகவே ஒட்டிக்கொள்கிறது. இனத்தைத் தவறாகத் தேர்ந்தால் எந்த மருந்தும் அதிசய மருந்தாகத் தெரியும். அதோடு, கிருமியற்ற அறைகளில் வளர்ந்த எலியின் உடம்பில் நினைவுச் செல்கள் மிகக் குறைவு. மனிதர் அப்படி இல்லை. வாழ்நாள் முழுதும் கண்ட தொற்றுகளின் நினைவை ஏந்திய டி செல்களில் சில, அந்நிய உறுப்பையும் தாக்கும். வைரஸ்களுக்கு ஆளான சுண்டெலிகளில் சகிப்புத்தன்மையை (மருந்தில்லாமலே அந்நிய உறுப்பை உடம்பு ஏற்பதை) உண்டாக்கும் சிகிச்சைகள் தோற்றுப்போனதை 2003-லேயே காட்டிவிட்டார்கள். கடைத்தெருச் செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய சுண்டெலிகளோடு ஆய்வகச் சுண்டெலிகளைச் சேர்த்து வளர்த்தபோது அவற்றின் எதிர்ப்பாற்றல் வளர்ந்த மனிதருடையதைப்போல் மாறியதை 2016-இல் காட்டினார்கள். சுத்தமான எலி நல்ல எலிதான். ஆனால் அதில் கிடைக்கும் சகிப்புத்தன்மை முடிவை நோயாளிக்கு அப்படியே ஏற்றிச் சொல்லாதீர்கள்.

சுகாதாரச் சான்றிதழைப் படிக்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள்

சுத்தம் மிகுந்தால் ஒரு சிக்கல் என்றேன். சுத்தம் இல்லாவிட்டால் வேலையே நடக்காது. வளர்ப்பகத்திடம் அண்மைய மூன்று மாதச் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அதில் முதலில் தேட வேண்டிய பெயர் மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ், எலியின் நுரையீரலைத் தாக்கும் பாக்டீரியா. சும்மா இருக்கும்போது எலி நன்றாகத்தான் ஓடும். ஐசோஃப்ளூரேனில் ஒரு மணி நேரம் கிடந்ததும் நுரையீரலின் பழைய சேதம் வெளியே வரும். கிளாம்பை எடுத்ததும் மூச்சு நின்று சாகும் எலிகளில் சில இந்த வகை, அறுவையாளரின் கைமேல் பழி போடுவதற்கு முன் நுரையீரலை அறுத்துப் பாருங்கள். சென்டாய் வைரஸ், சியாலோடாக்ரியோஅடினைட்டிஸ் வைரஸ், எலி பார்வோ வைரஸ்கள், நியூமோசிஸ்டிஸ் ஆகியவையும் பட்டியலில் இருக்க வேண்டும். எதிர்ப்பாற்றலை அடக்கும் டாக்ரோலிமஸ் அல்லது சைக்ளோஸ்போரின் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் கடைசியாகச் சொன்னதை இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள். அடங்கிக் கிடந்தது மருந்து தொடங்கிய பிறகு தலைதூக்கும்.

கண்ணைச் சுற்றிச் சிவப்புக் கறை தெரிந்தால் அது ரத்தமல்ல, ஹார்டேரியன் சுரப்பியிலிருந்து வரும் போர்ஃபைரின். நோயோ அழுத்தமோ இருக்கிறது என்பதற்கு அடையாளம். அன்று அந்த எலி மேசைக்கு வேண்டாம்.

கார்பன் டெட்ராகுளோரைடு: பழைய மாடல், இன்னும் ஓடுகிறது

சிரோசிஸ் எலி கடையில் ஆயத்தமாகக் கிடைக்காது, தயாரிக்க வேண்டும். நெடுங்காலமாகப் புழங்கும் முறை இது. 1982-இல் பிராக்டரும் சத்தம்ராவும் எழுதிய வழி இன்றும் பல ஆய்வகங்களில் நடக்கிறது: குடிநீரில் லிட்டருக்கு 0.35 கிராம் ஃபீனோபார்பிட்டல் கலந்து கல்லீரல் நொதிகளைத் தூண்டிவிட்டு, வாரம் ஒருமுறை இரைப்பைக் குழாய் வழியாகக் கார்பன் டெட்ராகுளோரைடு. எல்லா எலிக்கும் ஒரே டோஸ் கிடையாது, முந்தைய டோஸுக்குப் பின் எடை எவ்வளவு இறங்கியது என்று பார்த்து அடுத்ததைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். இந்த எடை பார்க்கும் வேலையைச் சோம்பலில் விட்டவர்களுக்குப் பாதி எலி முதல் மாதத்திலேயே சாகும், மீதிப் பாதிக்கு சிரோசிஸ் வரை போகாமல் வெறும் ஃபைப்ரோசிஸோடு (நார் படிவதோடு) நின்றுவிடும்.

நன்றாகச் செய்தால் கிடைப்பது நுண்முடிச்சு சிரோசிஸ், பெருத்த மண்ணீரல், வயிற்றில் நீர். பெறுநர் எலியாக எடுக்கும்போது மூன்று தொல்லைகள். டோஸை நிறுத்தினால் கல்லீரல் மெல்லத் தேறத் தொடங்கும், ஆகவே அறுவைத் தேதியை நீட்டிக்கொண்டே போக முடியாது. உடனே செய்யவும் முடியாது. நஞ்சு கொழுப்பில் தங்கும், புதிய கல்லீரலுக்குள் அதே நஞ்சு மெல்லக் கசியும். கடைசி டோஸுக்கும் அறுவைக்கும் ஒரு வாரமாவது விடுங்கள், எல்லாக் குழுக்களுக்கும் அதே இடைவெளியாக இருக்கட்டும். மூன்றாவது தொல்லையை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஃபீனோபார்பிட்டல் உடம்பில் மிச்சம் இருந்தால் புதிய கல்லீரலின் நொதிகளையும் தூண்டும், டாக்ரோலிமஸ் வழக்கத்தைவிட வேகமாகச் சிதையும், ரத்த அளவு இறங்கும், வந்த நிராகரிப்பை நோயின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். மருந்தின் ரத்த அளவைப் பார்க்காமல் இந்த மாடலில் எதிர்ப்பாற்றல் ஆய்வு செய்யாதீர்கள்.

ஆவியாகும் நஞ்சு என்பதால் ஆவியை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹூட் இல்லாமல் குப்பியைத் திறக்கவே கூடாது. டோஸ் கொடுத்த எலி அதை மூச்சில் வெளியே விடும், கூண்டறையின் காற்றோட்டமும் அந்தக் கணக்கில் சேரும்.

தயோஅசிட்டமைடு: நாங்கள் பரிந்துரைப்பது

இதற்கு இரண்டு வழி. கிலோவுக்கு 200 மி.கி. வீதம் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வயிற்றறைக்குள் ஊசி, எட்டு முதல் பன்னிரண்டு வாரம். அல்லது குடிநீரில் 0.03 சதவீதம், அதாவது லிட்டருக்கு 300 மி.கி. நஞ்சு கல்லீரல் நொதிகளால் ஆக்சிஜனேற்றம் அடைந்த பிறகுதான் வேலை செய்யும். மையச் சிரையைச் சுற்றிச் செல்கள் மடிந்து, நார் பாலங்கள் ஓடி, கடைசியில் முடிச்சுகள் மனிதச் சிரோசிஸை நன்றாகவே ஒத்திருக்கும். நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் நிலைத்து நிற்பதுதான் மேலான குணம். அறுவைத் தேதிக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது.

ஊசியா, தண்ணீரா என்றால் பெறுநர் எலிக்குத் தண்ணீர்தான். காரணம் எளிது: முப்பது ஊசி வாங்கிய வயிற்றறையில் ஒட்டுகள் விழும், அவற்றைப் பிரிக்கும் ஒவ்வொரு இடமும் கசியும். தண்ணீரிலும் கோளாறு உண்டு. கசப்பால் குடிப்பது குறையும், ஒரு கூண்டில் நான்கு எலி இருந்தால் யார் எவ்வளவு குடித்தது என்று தெரியாது. கூண்டுக்கு இரண்டு எலி வைத்து, பாட்டிலை எடை போட்டு, வாரந்தோறும் உடல் எடையைப் பார்த்துச் செறிவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். வாரக் கணக்கை அளவுக்கு மீறி நீட்டாதீர்கள். நீண்ட காலம் கொடுத்த எலிகளில் பித்தநாளப் புற்று வருகிறது, அதை முடிச்சு என்று நினைத்து விட்டுவிட்டால் திசுப் பரிசோதனையில்தான் தெரியும். புற்று தரக்கூடிய பொருள் என்பதால் மிஞ்சிய தண்ணீரையும் படுக்கைத் தூளையும் சாதாரணக் குப்பையில் போட முடியாது.

இனி, தராசு பொய் சொல்லும் இடம். மூன்று மாதம் தயோஅசிட்டமைடு குடித்த எலி 300 கிராம் காட்டலாம். அதில் நீர் எவ்வளவு, சதை எவ்வளவு? வயிற்றைத் திறந்ததும் 20, 30 மி.லி. வெளியேறினால் நிஜ எடை 270, 280-தான். அந்த எலிக்கு 300 கிராம் கொடையாளியின் கல்லீரலைப் பொருத்தினால் வயிற்றை மூடும்போது உறுப்பு அழுந்தும், பெருஞ்சிரை மடியும், மூடிய பத்து நிமிடத்தில் கல்லீரலின் ஓரங்கள் கருக்கும். வயதைப் பார்த்துக் கொடையாளியை எடுப்பதும் இதே குழிதான், நோயுற்ற எலி தன் வயதொத்த ஆரோக்கிய எலியைவிட மிகச் சிறியது. முதல் நாள் மெல்லிய ஊசியால் நீரை வடித்து, அதன் பிறகு எடை போட்டு, அந்த எடைக்குத்தான் கொடையாளி. மொத்த நீரையும் ஒரே மூச்சில் வடித்தால் ரத்த அழுத்தம் படுத்துவிடும். மெதுவாக, கூடவே கொஞ்சம் அல்புமின்.

பித்தநாளக் கட்டு

பித்தநாளத்தை இரண்டு இடத்தில் கட்டி நடுவில் வெட்டிவிட்டால் நான்கே வாரத்தில் பித்தத் தேக்கச் சிரோசிஸ். நஞ்சு இல்லை, செலவு இல்லை, வேகமும் அதிகம். காகிதத்தில் எல்லாமே கவர்ச்சியாக இருக்கும்.

மேசையில் கதை வேறு. கட்டிய இடத்துக்கு மேலே நாளம் வீங்கிப் பையாகி, இரைப்பை, கணையம், கல்லீரல் வாயில் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். போர்ட்டல் சிரையைக் கண்டுபிடித்து உரிக்க ஆகும் நேரத்தில் ஒரு மாற்று அறுவையையே முடித்துவிடலாம். பை கிழிந்தால் கிருமி ஏறிய பித்தம் வயிற்றில் கொட்டும். எலிக்குப் பித்தப்பை கிடையாது, ஆகவே நாளத்தின் அடிப்பாகத்தைப் போதிய நீளம் விட்டுக் கட்டாவிட்டால் பின்னர் குழாய் செருக இடமே மிஞ்சாது. குடலுக்குப் பித்தம் போகாததால் வைட்டமின் கே உடம்பில் ஏறுவதில்லை, ரத்தம் உறையாது. கட்டிய நாள்முதல் வாரம் ஒருமுறை வைட்டமின் கே ஊசி போடாத எலியை மாற்று அறுவைக்குக் கொண்டுவருவது வீண் வேலை. சிறுநீரகமும் இதயமும் அதற்குள் தளர்ந்திருக்கும். பித்தத் தேக்க நோய்களைத்தான் ஆராய்கிறீர்கள் என்றால் வேறு வழியில்லை. அப்படி இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

நோயுற்ற எலி மேசைக்கு வந்தால் எது மாறுகிறது

கிளாம்ப் விஷயத்தில் சிரோசிஸ் எலி ஆச்சரியம் தரும். மாதக்கணக்கில் போர்ட்டல் அழுத்தம் கூடியிருந்ததால் உணவுக்குழாயைச் சுற்றியும், மண்ணீரலிலிருந்து இடது சிறுநீரகச் சிரைக்கும் மாற்றுவழிகள் திறந்திருக்கும். கிளாம்ப் போட்டாலும் ரத்தம் அந்தச் சந்துகள் வழியாக இதயத்துக்குப் போய்விடும். குடல் அவ்வளவு கருக்காது, அழுத்தம் அவ்வளவு சரியாது. நோயாளிக்கும் இப்படித்தான். அந்த ஒரு கட்டத்தில் ஆரோக்கியமான எலியைவிட இதுவே பாதுகாப்பானது.

ஆனால் அதே சந்துகள்தான் ரத்தம் கசியும் வாய்களும். 250 கிராம் எலியின் உடம்பில் மொத்தமே சுமார் 16 மி.லி. ரத்தம். ஒன்றரை மி.லி. போனால் பத்தில் ஒரு பங்கு போயிற்று, நுண்ணோக்கியின் கீழ் அது ஒரு பஞ்சுத்துண்டு நனைவதுபோலத்தான் தெரியும். உணவுக்குழாயிலிருந்து இடது மடலுக்கு வரும் கிளைகளையும் இடது உதரவிதானச் சிரையையும் ஆரோக்கிய எலியில் ஒரே கட்டில் முடிக்கலாம். சிரோசிஸ் எலியில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக 8-0 பட்டு நூலில் இருபுறமும் கட்டி நடுவில் வெட்டுங்கள். இழுத்துப் பிய்க்கும் பழக்கம் இங்கே உயிரை வாங்கும். பழைய கல்லீரல் கெட்டிப்பட்டிருப்பதால் புரட்டும்போது மடலின் ஓரம் சிரைச் சுவரைக் கீறும், ஈரப் பஞ்சு வைத்துத்தான் நகர்த்த வேண்டும்.

போர்ட்டல் சிரை அகன்றிருப்பதையும் கணக்கில் எடுங்கள். கொடையாளியின் சிரை கஃபின்மேல் மடித்துப் போர்த்தப்பட்டிருக்கும், அந்த அளவை ஓர் அளவுக்குமேல் பெரிதாக்க முடியாது. பெறுநரின் தொளதொள சிரைக்குள் அதைச் செருகிக் கட்டும்போது சுவர் மடிந்து, மடிப்பில் ரத்தம் உறைய இடம் கிடைக்கும். கட்டுவதற்கு முன் சிரையின் விளிம்பை இரண்டு இடத்தில் பிடித்துச் சுற்றிலும் சமமாக விரித்துவிடுங்கள், உள்ளே ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் கலந்த உப்புநீரைப் பீய்ச்சுங்கள்.

திறந்த பிறகு இரு வகைத் தவறு நடக்கும். ஒன்று, சிரோசிஸ் உடம்பின் மிகை ரத்த ஓட்டம் சிறிய கல்லீரலுக்குள் பாய்ந்து சைனுசாய்டுகள் என்ற நுண்ணிய ரத்தக்குழாய்களின் உட்சுவரை உரித்துவிடும், கல்லீரல் விம்மி, தொட்டால் கல்லாக இருக்கும். மற்றது இதற்கு எதிர்: மாற்றுவழிகள் மூடாமல் இருந்து புதிய கல்லீரலுக்கு வர வேண்டிய ரத்தத்தைத் திருடும், கல்லீரல் சில இடங்களில் வெளிறியே கிடக்கும். முதலாவதுக்கு முழுக் கல்லீரலை, எடைக்கேற்ற அளவில் வைப்பதே வழி. இரண்டாவதற்கு இடது சிறுநீரகச் சிரைக்குப் போகும் பெரிய சந்து கண்ணுக்குத் தெரிந்தால் கட்டிவிடலாம். ஒரு எலிக்குக் கட்டினால் எல்லா எலிக்கும் கட்ட வேண்டும் என்பதை மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அதுவே தனிக் குழுவாகிவிடும்.

பொட்டாசியத்தையும் சொல்லியாக வேண்டும். கல்லீரலைக் குளிரில் சேமிக்கும் யு.டபிள்யூ. கரைசலில் லிட்டருக்கு ஏறக்குறைய 125 மில்லிமோல் பொட்டாசியம். கல்லீரலுக்குள் தேங்கிய கரைசலைக் குளிர்ந்த ரிங்கர் லாக்டேட்டால் 10 மி.லி.க்குக் குறையாமல் அலசாமல் திறந்தால் எலியின் இதயம் அந்த நிமிடமே தடுமாறும். ஆரோக்கிய எலி சில சமயம் தாங்கிவிடும். சிறுநீரகம் தளர்ந்த பித்தநாளக் கட்டு எலி தாங்காது. இன்னொரு சேமிப்புக் கரைசலான எச்.டி.கே.யில் பொட்டாசியம் லிட்டருக்குப் பத்து மில்லிமோலை ஒட்டியே இருக்கிறது, பிசுபிசுப்பும் இல்லை. நோயுற்ற பெறுநருக்கு, குளிர்சேமிப்பு நேரம் குறைவாக இருக்கும் ஆய்வுகளில், நாங்கள் அதையே எடுப்போம்.

வலிமருந்தில் கார்புரோஃபன், மெலோக்சிக்காம் வகைகளைச் சிரோசிஸ் எலிக்கு ஒதுக்குங்கள். சிறுநீரகமும் ரத்த உறைவும் ஏற்கனவே விளிம்பில் நிற்கின்றன. பூப்ரெனார்ஃபின் கிலோவுக்கு 0.05 மி.கி. என்பது வழக்கமான டோஸ், அடுத்த டோஸைக் கடிகாரத்தைப் பார்த்துப் போடாமல் எலியைப் பார்த்துப் போடுங்கள். சோர்ந்து கிடக்கும் எலிக்கு வலி இருக்கிறதா, முந்தைய மருந்து இறங்காமல் இருக்கிறதா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். அறுவைக்குப் பின் குளுக்கோஸ் சேர்த்த திரவமும் 37 டிகிரி வெப்பப் படுக்கையும் எல்லா எலிக்கும் தேவைதான், சதை கரைந்த எலிக்கு அவை இல்லாமல் முதல் இரவு தாண்டாது.

கொழுத்த எலி, நீரிழிவு எலி, பன்றி

லெப்டின் ஏற்பி கோளாறுள்ள ஸக்கர் எலியைக் கொழுப்புக் கல்லீரல் கொடையாளியாகப் பலர் எடுக்கிறார்கள். பெறுநராக எடுத்தால் வயிற்றுக் கொழுப்பு அறுவைக் களத்தை மூடும், மயக்க மருந்து கொழுப்பில் தேங்கி விழிப்பது தாமதமாகும். ஸ்ட்ரெப்டோசோட்டோசின் எலி மலிவு: கிலோவுக்கு 50–65 மி.கி., 4.5 அமில அளவுள்ள (pH) சிட்ரேட் கரைசலில் கலந்த உடனே போட வேண்டும், வைத்திருந்தால் வீரியம் போய்விடும். சர்க்கரை ஏறிய உடம்பில் ரத்தம் மீண்டும் பாயும்போது கல்லீரலுக்கு வரும் காயம் கூடுகிறது, தையலும் மெதுவாகவே ஆறும். கேள்வி அதைப் பற்றியது என்றால் நல்ல மாடல்.

பன்றியின் உறுப்பும் கருவிகளும் மனித அளவு என்பதால் இயந்திரச் சேமிப்பு ஆய்வுகளுக்கு அதுதான். 1969-இல் கால்ன் குழுவினர் கல்லீரலின் சகிப்புத்தன்மையைக் கண்டதும் பன்றியில்தான். ஆனால் ஆய்வுகளில் வரும் பன்றி அநேகமாக எப்போதும் இளம், ஆரோக்கியப் பன்றி. போர்ட்டல் அடைப்பை எலியைப்போலவே தாங்காது, புறவழி ரத்த ஓட்டமோ மிக விரைந்த கையோ வேண்டும். பியட்ரைன், லேண்ட்ரேஸ் வழிவந்தவற்றில் ரயனோடின் ஏற்பி மரபணுக் கோளாறு இருக்கலாம், ஐசோஃப்ளூரேன் பட்டதும் உடல் வெப்பம் எகிறிச் சாகும். வாங்குமுன் மரபுச் சோதனை கேளுங்கள். அறுவைக்குப் பின் நன்றாகத் தேறிய பன்றி நான்காம் ஐந்தாம் நாள் திடீரென்று வெளிறிச் செத்தால் கல்லீரலை ஆராய்வதற்கு முன் இரைப்பையைத் திறந்து பாருங்கள். அழுத்தத்தில் வரும் இரைப்பைப் புண் பன்றிக்குப் பழைய வியாதி, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் முதல் நாளிலிருந்தே போக வேண்டும்.

கணக்கு எழுதும்போது

நோயூட்டும் மாதங்களில் சில எலிகள் சாகும். அறுவைக்கு வருபவை தப்பிப் பிழைத்த திடகாத்திரங்கள். அவற்றின் உயிர்வாழ்வை, எந்த வடிகட்டலும் இல்லாமல் வந்த ஆரோக்கிய எலிகளோடு ஒப்பிட்டால் நோயின் பாதிப்பு குறைவாகவே தெரியும். ஆகவே எத்தனை எலியில் தொடங்கி எத்தனை மேசைக்கு வந்தன என்று இரண்டு எண்ணையும் கட்டுரையில் எழுதுங்கள். சிகிச்சைக் குழுக்களாகப் பிரிப்பது நோயூட்டி முடிந்த பிறகு, ரத்தத்தில் பிலிருபினையும் (கல்லீரல் கெட்டால் ஏறும் பித்த நிறமி) நீர் வடித்த எடையையும் பார்த்துச் சமப்படுத்தியே நடக்க வேண்டும். நோயூட்டத் தொடங்கும் நாளிலேயே குழு பிரித்துவிட்டால் நோய் கடுமையான எலிகள் ஒரே பக்கம் குவிய வாய்ப்பு உண்டு.

எது அறுவைத் தவறால் வந்த சாவு, எது கல்லீரல் செயலிழந்த சாவு என்ற வரையறையை முதல் எலிக்கு முன்பே எழுதி வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் செத்ததை எல்லாம் அறுவைத் தவறு என்று தள்ளிவிடுவது ஆரோக்கிய எலிக்குச் சரி. சிரோசிஸ் எலிக்கு அதே விதி, நோயின் உண்மையான விலையைக் கணக்கிலிருந்து அழித்துவிடும். எடை 20 சதவீதம் இறங்கினால் நிறுத்துவது என்ற மனிதநேய எல்லையும் நீர் கோத்த எலியில் வேலை செய்யாது. நீர் ஏற ஏறத் தராசு அசையாது, உள்ளே சதை கரைந்துகொண்டே போகும். முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் தடவிப் பார்த்து மதிப்பெண் போடும் முறையைத் தராசோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் வரிசையிலும் ஒரு யோசனை. முதலில் லூயிஸ் எலிகளை மட்டும் வாங்கி, கல்லீரலற்ற கட்டம் 20 நிமிடத்துக்குள் நிலையாக வரும்வரை பழகுங்கள். அதே வாரத்திலேயே அடுத்த தொகுதிக்குத் தயோஅசிட்டமைடைத் தொடங்கிவிட்டால் காலம் வீணாகாது, கை தேறும்போது எலிகளும் தயாராக இருக்கும். கொடையாளி எலிகளுக்கான ஆர்டரைக் கடைசியில் போடுங்கள். சிரோசிஸ் எலிகளை நீர் வடித்து எடை போட்டுப் பட்டியல் எடுத்த பிறகு, ஒவ்வொரு எடைக்கும் 10–20 கிராம் குறைவாக, பழகும் ஒரு வாரத்தில் கொடையாளியும் வளரும் என்பதையும் கழித்து.